இனி மேடைக்கு ஒரே பேஸ்: மூன்றில் எது?

என்னிடம் உள்ள மூன்று பேஸ் கிட்டார்களின் இந்த ஒப்பீட்டை ஆரம்பித்து வைத்தது காது இல்லை, முதுகு. சில மாதங்களுக்கு முன் ஒரு கச்சேரி முடிந்து, ஆம்ப் கேபினட்டை, அதாவது ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டியை, குறுகலான மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவது படியோ எட்டாவதோ, இடுப்பில் சுரீரென்று ஒரு பிடிப்பு. மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. கேபினட்டைச் சுவரோடு முட்டுக்கொடுத்துவிட்டு அதன் மேலேயே குப்புறச் சாய்ந்து மூச்சு வாங்கினேன். பின்னால் சிம்பல் பையோடு வந்த ட்ரம்மர், வயதில் என் பாதி, "அண்ணே, நீங்க நகருங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். நகர முடிந்தால்தானே!

அன்று ராத்திரி ஒரு விதி போட்டுக்கொண்டேன். வண்டியிலிருந்து மேடைக்கு ஒரே நடை. தோளில் ஒன்று, கையில் ஒன்று. அதற்குள் அடங்காத எதுவும் இனி வீட்டை விட்டுக் கிளம்பாது.

விதி போட்டாயிற்று, ஆனால் எதைத் தோளில் மாட்டுவது? 34 வருடமாக பேஸ் வாசிக்கிறேன். மேடைக்குப் போகும் தகுதியோடு வீட்டில் மூன்று இருக்கின்றன: நான்கு கம்பி ப்ரிசிஷன் ஒன்று, நான்கு கம்பி ஜாஸ் பேஸ் ஒன்று (இரண்டும் ஃபெண்டர் உருவாக்கிய மாடல்கள்), ஆக்டிவ் சர்க்யூட், அதாவது பேட்டரியில் ஓடும் சர்க்யூட், வைத்த ஐந்து கம்பி ஒன்று. மூன்றையும் நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வதுகூடப் பொய். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பேஸ் மேதை என் தலையில் கட்டினார். ப்ரிசிஷனை ஜேம்ஸ் ஜேமர்சன். ஜாஸ் பேஸை ஜாக்கோ பாஸ்டோரியஸ். ஐந்து கம்பியைக் கொஞ்சம் சுற்றி வளைத்து ஆன்டனி ஜாக்சன். அவர்கள் கை வேறு, என் கை வேறு என்று புரிவதற்குள் பாதி வயது போய்விட்டது.

நான் வாசிக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் எட்டுப் பேர் கொண்ட நடனக் குழு: இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, ட்ரம்ஸ், ஊதுகருவி ஒன்று, பாடகர் இருவர், நான். எப்போதாவது பியானோ, ட்ரம்ஸோடு மூவர் குழு. வருடத்துக்கு ஒருமுறை இசை நாடகம். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து நோட்டேஷன் பார்த்து வாசிக்கும் வேலை.

வீட்டில் உட்கார்ந்து மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தால் தப்பான பதில்தான் வரும். தனியாகக் கேட்கும்போது நல்லா இருப்பது வேறு, கூட்டத்தில் வேலை செய்வது வேறு. அதனால் நடனக் குழுவோடு நான்கு இரவுகள், ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பேஸ் என்று மாற்றி வாசித்தேன். சவுண்ட் மிக்சர் பக்கத்தில் ஒரு சின்ன ரெக்கார்டர். ட்ரம்மரிடம் கோப்புகளைக் கொடுத்து, எது எந்த பேஸ் என்று எனக்குத் தெரியாதபடி எண் மட்டும் போட்டுக் கொடு என்றேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். பெரிய விஞ்ஞான சோதனை ஒன்றும் இல்லை. ஆனால் என் கர்வத்தை அடக்க அது போதுமாக இருந்தது.

ஜாஸ் பேஸ், அதாவது என் செல்லம்

முதலில் தோற்றதைச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் வாக்கெடுப்பு வைத்தால் இதுதான் ஜெயித்திருக்கும்.

1960இல் வந்த வடிவம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு; ஒன்று கழுத்துப் பக்கம் தள்ளி, இன்னொன்று கம்பியின் அடி முனை உட்காரும் பிரிட்ஜை ஒட்டி. கழுத்து மேல்முனையில் சுமார் 38 மில்லிமீட்டர்தான், கை தானாக வழுக்கிக்கொண்டு போகும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்து, அதன் மேலேயே விரலை வைத்துச் சுண்டினால் ஒரு உறுமல் வரும் பாருங்கள், பதினெட்டு வயதில் அதைக் கேட்டுத்தான் நான் கிட்டாரை விட்டு பேஸுக்கு மாறினேன்.

அந்த உறுமலுக்கு முகவரி ஜாக்கோ. ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள், பிடுங்கிய 1962 ஜாஸ் பேஸ். சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பி மரத்தை அரித்துவிடாமலிருக்க விரல்பலகையில் படகுக்குப் பூசும் எபாக்ஸி. 1976இல் அவருடைய முதல் தனி ஆல்பம் வந்தது. அதே வருடம் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் சேர்ந்தார். ஒரு பேஸ் இப்படிப் பாடலாமா என்று உலகத்தில் இருந்த பேஸிஸ்டுகள் பாதிப் பேர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் குறடு எடுத்து ஃப்ரெட்டைப் பிடுங்கினார்கள். நான் பிடுங்கவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ரெக்கார்டிங்கில் என்ன ஆனது? இரண்டாம் எண் கோப்பைக் கேட்டுவிட்டு நோட்டில் இப்படி எழுதி வைத்திருந்தேன்: "சரணத்தில் பேஸ் இருக்கிறது. பல்லவி வந்ததும் எங்கே போனது?" அது என் செல்ல ஜாஸ் பேஸ். இரண்டு கிட்டாரும் ஓங்கி அடிக்கும் இடத்தில், ஊதுகருவியும் சேர்ந்துகொள்ளும் இடத்தில், அதைக் காணோம். நான் மேடையில் வியர்க்க வியர்க்க வாசித்துக்கொண்டிருந்ததை மட்டும் யாரோ அழித்துவிட்ட மாதிரி இருந்தது.

இத்தனை வருடம் எனக்கு உறைக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. வெதர் ரிப்போர்ட்டில் கிட்டார் கிடையாது. கீபோர்டு, சாக்ஸபோன், பேஸ், ட்ரம்ஸ், தாளக்கருவிகள். கிட்டார் குடியிருக்க வேண்டிய நடு ஸ்தாயி வீடு காலியாகக் கிடந்தது. ஜாக்கோ அதில் குடிபோனார். என் குழுவில் அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு குடித்தனம், மாடியில் கீபோர்டு வேறு. அங்கே போய் நானும் பாயை விரித்தால் யாருக்கும் தூக்கம் வராது.

இன்னொரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. இதன் இரண்டு பிக்கப்பும் தனித்தனிச் சுருள். இரண்டையும் சமமாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும். ஒன்றை மட்டும் திறந்தால், அதாவது அந்த உறுமல் வேண்டுமென்றால், ஹம் வரும். ஒரு அரங்கத்தில் விளக்குக்காரர் மெதுவான பாட்டுக்கு வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க, டிம்மர் வழியாக என் ஆம்ப்பில் வண்டு ஒன்று வளர்ந்துகொண்டே போனது. பாடகி திரும்பிப் பார்த்தார். இரண்டு பிக்கப்பையும் சமமாக்கினேன். வண்டு செத்தது, உறுமலும் கூடவே செத்தது. இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் நடுப்பகுதி கொஞ்சம் குழிந்துவிடும். அந்த ஒலி அழகு, ஆனால் கூட்டத்தில் அமுங்கிப் போகும் அழகு.

மூவர் குழுவில் நிலைமை தலைகீழ். அங்கே ஜாஸ் பேஸ்தான் ராஜா. அதை மறைக்க மாட்டேன். ஆனால் மாதத்தில் ஒரு நாள் வரும் ராஜாவுக்காக மீதி நாளெல்லாம் காணாமல் போக முடியுமா?

ஐந்து கம்பி

இதன் பக்கம் உள்ள வாதம் காகிதத்தில் ரொம்ப பலமானது. நான்கு கம்பியின் அடிக் கம்பி ஈ (E என்ற நோட்டு), 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பி பி, 31 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. பாடகருக்குத் தொண்டை சரியில்லை, ஒரு படி இறக்கு என்றால், ஈ ஸ்கேலில் இருந்த பாட்டு டிக்கு வந்துவிடும்; நான்கு கம்பிக்காரர் மேல் ஸ்தாயியில் போய்த் தொங்க வேண்டும். 1980களுக்குப் பிறகு சின்த் பேஸ் வைத்துப் பதிவான பாட்டுகள் பலவும் ஈக்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கும்.

ஆன்டனி ஜாக்சனின் யோசனை இன்னும் அடிப்படையானது. பேஸ் கிட்டார் என்பது கிட்டார் குடும்பத்தின் அடிக்குரல். கிட்டாருக்கு ஆறு கம்பி என்றால் இதற்கும் ஆறுதானே இருக்க வேண்டும், நான்கோடு ஏன் நின்றது? 1970களின் நடுவில் கார்ல் தாம்ப்சன் என்ற கைவினைஞரிடம் சொல்லி ஆறு கம்பி பேஸ் செய்ய வைத்தார். மேடையிலும் உட்கார்ந்துதான் வாசிப்பார். என் முதுகின் இப்போதைய நிலையில் அவருடைய வாசிப்பைவிட அந்த நாற்காலிதான் எனக்குப் பெரிய ஊக்கமாகத் தெரிகிறது. எனக்கு ஆறு கம்பி தாங்காது, அதனால் ஐந்தில் நின்றேன்.

சரி, எத்தனை முறை உண்மையில் ஈக்குக் கீழே போகிறேன்? எண்ணிப் பார்த்தேன். எங்கள் குழுவின் பட்டியலில் 42 பாட்டு. ஏழில்தான் கீழே இறங்குகிறேன். அதில் ஐந்து பாட்டுக்கு ஈ ஃப்ளாட்டோ டியோ போதும். சி வரை போவது இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் ஒரு இரவு வேண்டுமென்றே மேல் ஸ்தாயியில் வாசித்தேன். கீபோர்டுக்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அதுவும் அவருடைய இடது கைக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில்.

ஐந்து கம்பியின் உண்மையான லாபம் ஆழம் இல்லை. இது வாசித்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். பி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஈ இருக்கிறது. ஆகவே கழுத்தின் நடுவிலேயே கையை வைத்துக்கொண்டு அந்த ஈ முதல் மேலே கிட்டத்தட்ட இரண்டு ஸ்தாயி வாசிக்கலாம், கை ஓடவே வேண்டாம். நாடகப் பள்ளத்தில் கண் முழுக்க நோட்டேஷனிலும் நடத்துநரின் கையிலும் இருக்கும்; கழுத்தைப் பார்க்க நேரமே கிடையாது. அங்கே இந்த வசதி தெய்வம். என் வேலை முழுவதும் நாடகமாக இருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

நடனக் குழுவின் ரெக்கார்டிங்கில் ஐந்து கம்பிக்கு நான் எழுதியது ஒரே வார்த்தை: "மூட்டம்." அரங்கத்தின் சப்வூஃபர், கிக் ட்ரம், கீபோர்டின் இடது கை, பி கம்பி நான்கும் ஒரே கிணற்றில் விழுந்து கிடந்தன. 31 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 மீட்டர். சாதாரண ஹாலில் அது மூலைக்கு மூலை வேறு வேறு மாதிரி கேட்கும். ஒரு மேசையில் இடி, அடுத்த மேசையில் ஒன்றுமே இல்லை. தவிர, சின்ன ஸ்பீக்கரிலும் நாம் பேஸைக் கேட்பதாக நினைப்பதற்குக் காரணம், காது மேலே உள்ள ஹார்மோனிக்குகளை, அதாவது அடிநோட்டோடு கூடவே ஒலிக்கும் மடங்கு ஒலிகளை (ஈ கம்பிக்கு 82, 123 ஹெர்ட்ஸ்), வைத்து அடிநோட்டைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வதுதான். அந்த ஹார்மோனிக்குகள் தெளிவாக இருந்தால் ஆழம் தானாக வரும். ஆழத்தை மட்டும் கூட்டினால் மூட்டம்தான் வரும்.

பிறகு பேட்டரி. ஆக்டிவ் பேஸில் கேபிள் செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வீட்டில் வாசித்துவிட்டுக் கேபிளைப் பிடுங்க மறந்து தூங்கிவிட்டேன். மறுநாள் கச்சேரி. முதல் செட் ஒழுங்காகப் போனது. இரண்டாம் செட்டில் பியானோவும் பெண் குரலும் மட்டுமாக ஆரம்பிக்கும் ஒரு மெதுவான பாட்டு. இரண்டாவது சரணத்தில் நான் நுழைய வேண்டும். நுழைந்தேன். முதல் நோட்டு கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி "ப்ர்ர்ர்" என்றது. விரலைத் தளர்த்தினேன், இன்னும் மோசம். அடுத்த எட்டு பாரும் உப்புக் காகிதம் தேய்க்கிற சத்தம்தான். சில மாடல்களில் பாசிவுக்கு, அதாவது பேட்டரி இல்லாமல் ஓடுவதற்கு, மாற்றும் சுவிட்ச் இருக்கும். என்னுடையதில் கிடையாது. பின்பக்கத் தகட்டைத் திறக்க நான்கு திருகு, திருப்புளி வண்டியில். அந்தப் பாட்டின் மீதியைக் கீபோர்டுக்காரரின் இடது கை வாசித்தது. அப்புறம் பையில் எப்போதும் இரண்டு பேட்டரி, ஒரு திருப்புளி. ஒரே நடை விதிக்கு அதுவும் ஒரு சுமைதானே.

எடையும் சொல்லிவிடுகிறேன், வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தது: ப்ரிசிஷன் 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஜாஸ் 4.2, ஐந்து கம்பி 4.9. ஒரு கிலோ வித்தியாசம் என்பது கடையில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் இடது தோளைக் கேளுங்கள், சொல்லும்.

ப்ரிசிஷன்

இது வீட்டில் தனியாக வாசித்தால் சலிப்பு தரும் பேஸ். ஒரு வால்யூம், ஒரு டோன், முடிந்தது. திருகிப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை. நண்பர்கள் வந்து மூன்றையும் வாசித்துப் பார்த்தால் இதைத்தான் முதலில் கீழே வைப்பார்கள்.

1951இல் லியோ ஃபெண்டர் இதைக் கொண்டுவந்தபோது மேடையில் பேஸ் என்றால் பெரும்பாலும் ஆள் உயர டபுள் பேஸ்தான். தூக்கவும் கஷ்டம், ஃப்ரெட் இல்லாததால் ஸ்ருதி சேர்க்கவும் கஷ்டம், மற்றவர்களுக்கு நடுவே கேட்கவும் கேட்காது. ஃப்ரெட் வைத்தால் ஸ்ருதி துல்லியமாக விழும் என்பதால்தான் ப்ரிசிஷன் என்று பெயர். இன்று நமக்குத் தெரிந்த பிக்கப் 1957இல் வந்தது: ஒன்றை இரண்டாகப் பிளந்து, தடித்த இரண்டு கம்பிக்கு ஒரு துண்டு, மெல்லிய இரண்டு கம்பிக்கு ஒரு துண்டு. இரண்டும் எதிரெதிராக வேலை செய்வதால் ஹம் இல்லை. விளக்குக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் டிம் செய்துகொள்ளட்டும்.

ஜேமர்சனிடம் இருந்தது 1962 ப்ரிசிஷன். மேல்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி, அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். இவ்வளவுதான் சாமான். டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோவில் வாசித்தார். பெரும்பாலும் அவருடைய பேஸுக்கு முன்னால் ஆம்ப்பும் மைக்கும் இல்லை, நேராகப் பதிவு மிக்சரான கன்சோலுக்குப் போனது. அந்தக் கம்பெனி தன் வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் போட ஆரம்பித்ததே 1971இல்தான். அதற்குள் உலகம் முழுக்க அவர் வாசித்ததற்கு ஆடி முடித்திருந்தது.

இப்போது ஜாக்கோ விஷயத்தில் சொன்னதை இங்கே திருப்பிப் பாருங்கள். மோடவுன் பதிவுகளில் சாதாரணமாக மூன்று கிட்டார் இருக்கும். அதோடு பியானோ, ஆர்கன், தாம்பரின், ஊதுகருவிகள், வயலின் கூட்டம், பின்னணிப் பாடகிகள். அவ்வளவு நெரிசலிலும் பேஸ் ஒவ்வொரு நோட்டும் கேட்கிறது. அதுவும் பளபளப்பே இல்லாத, மொத்தையான, சீக்கிரம் அடங்கிவிடும் ஒலி. அடங்கிவிடுவதால்தான் கேட்கிறது. அடுத்தவர் நோட்டின் மேல் வாலை இழுத்துக்கொண்டு போவதில்லை. என் எட்டுப் பேர் குழுவுக்கு எந்த வீடு நெருங்கிய சொந்தம் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை.

கேரல் கேயையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963 வாக்கில் ஒரு பதிவுக்கு பேஸிஸ்ட் வராததால் பேஸை எடுத்தார். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸில் அவர் இல்லாத பதிவு குறைவு. அதே ப்ரிசிஷன். ஆனால் விரலுக்குப் பதில் பிக் என்ற சின்னத் தகட்டை வைத்து வாசிப்பார், கம்பி மேல் ஃபெல்ட் வைத்து அடக்குவார். ஜேமர்சனுக்கு நேர்மாறான கை. ஒரே வால்யூம், ஒரே டோன் உள்ள மரக்கட்டையில் இவ்வளவு தூரம் விலகிய இரண்டு குரல். திருகுவதற்கு ஒன்றும் இல்லை என்று நான் அலுத்துக்கொண்டது அப்போது கொஞ்சம் அபத்தமாகத் தெரிந்தது.

கோப்பு எண் மூன்றுக்கு நான் எழுதியிருந்தது: "பேஸ் எங்கே என்று தேடவில்லை. ட்ரம்ஸ் நன்றாக இருக்கிறது." ட்ரம்மர் அதைப் படித்துவிட்டு, "அண்ணே, அதே ட்ரம்ஸ்தான் எல்லாத்துலயும்" என்றான்.

நான்காவதாக ஒன்றையும் யோசித்தேன், அதைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். எடைதான் பிரச்சினை என்றால், வழக்கமான 34 அங்குலக் கம்பி நீளத்துக்குப் பதில் 30 அங்குலம் உள்ள ஷார்ட் ஸ்கேல் இருக்கிறதே? பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹோஃப்னர் அந்த வகை. 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கியது 1972இல் திருடுபோய், ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது தனிக்கதை. நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கி ஒரு இரவு வாசித்தேன். இறகு மாதிரி இருந்தது. ஆனால் 34 அங்குலத்தில் 34 வருடம் பழகிய கை, ஒவ்வொரு தாவலிலும் அரை விரல் தள்ளிப் போய் இறங்கியது. புதிதாகப் பழகுபவர்களுக்கு, கை சின்னதாக உள்ளவர்களுக்கு நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். எனக்கு வண்டி போய்விட்டது.

கையில் வருவது எது?

ஆம்ப் விஷயத்தில் காதல் இன்னும் கண்மூடித்தனமானது. 1969இல் ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி வந்தபோது அது 300 வாட் வால்வ் ஆம்ப். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருடச் சுற்றுப்பயணத்தில் அதன் முன்மாதிரிகளைக் கொண்டு போனார்கள். தலைப்பகுதி மட்டும் 35 கிலோவுக்கு மேல்; எட்டு ஸ்பீக்கர் வைத்த கேபினட்டுக்கு ஃப்ரிட்ஜ் என்றே செல்லப் பெயர், 60 கிலோவைத் தாண்டும். முன்னால் நின்று வாசித்தால் கால்சட்டை படபடக்கும். அந்தச் சுகத்தை எந்தச் சின்னப் பெட்டியும் தராது, ஒத்துக்கொள்கிறேன். என்னுடையது அதில் பாதி அளவுகூட இல்லாத வால்வ் ஆம்ப். அதற்கே படியில் நின்று அழ வேண்டியிருந்தது.

அதன் இடத்தில் இரண்டு போட்டியாளர்கள். ஒன்று, கிளாஸ் டி வகை ஆம்ப்: 2 அல்லது 3 கிலோவுக்குள் 500 வாட், நியோடிமியம் காந்தம் வைத்த ஒற்றை 12 அங்குல கேபினட்டோடு. இன்னொன்று, ஆம்ப்பே இல்லாமல் ஒரு ப்ரீஆம்ப் டிஐ பெடல், அதாவது பேஸின் ஒலியைச் சீராக்கி நேரடியாக மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி. அதிலிருந்து நேராக அரங்க சிஸ்டத்துக்கு, நமக்குக் காதில் மானிட்டர்.

வாட் எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம் கூடிய மாதிரி இருக்கும், அவ்வளவே. ஸ்பீக்கரின் திறனும் கேபினட்டை எங்கே வைக்கிறோம் என்பதும் அதைவிடப் பெரிய விஷயம். தரையில் வைத்தால் கனமான ஒலி நாலா பக்கமும் பரவும், தெளிவைத் தரும் மேல் ஒலிகள் மட்டும் நேராக நம் கெண்டைக்காலுக்குப் போய்ச் சேரும். நமக்குக் கேட்கவில்லை என்று கூட்டுவோம்; முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார். நாற்காலி மேல் தூக்கி வைத்த நாளிலிருந்து நான் வால்யூமைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

ஆம்ப் இல்லாமல் வாசிப்பதைக் கேவலமாக நினைப்பவர்கள் உண்டு. ரஷ் குழுவின் கெடி லீ மேடையில் கேபினட்டுகளை ஒழித்துவிட்டு, அந்த இடம் காலியாக இருக்கிறதே என்று 2002 சுற்றுப்பயணத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களை வரிசையாக வைத்தார். ஒலி நேராக சிஸ்டத்துக்குப் போனது, துணி உலர்ந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

காதில் மானிட்டர் என்பதில் காதுக்கும் நன்மை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். சிம்பலுக்கு ஒரு கை தூரத்தில் நிற்கும் பேஸிஸ்ட் அந்த 15 நிமிடத்தை முதல் மூன்று பாட்டிலேயே தின்றுவிடுவார். என் இடது காதில் இப்போது நிரந்தரமாக ஒரு ரீங்காரம் இருக்கிறது. ட்ரம்ஸ் எனக்கு எப்போதும் இடது பக்கம்.

ஆனால் பெடல் மட்டும் என்றால் நம் கதி முழுக்க அடுத்தவர் கையில். சிஸ்டம் நன்றாக இருக்கிற அரங்கில் சொர்க்கம். ஒரு தடவை, குரலுக்கு மட்டும் போதுமான இரண்டு சின்ன ஸ்பீக்கர் வைத்த இடத்தில் பெடலோடு போய் நின்றேன். ட்ரம்மர் நோட்டை ஊகித்துத்தான் வாசித்தான். எனக்குமே ஊகம்தான்.

ஆகவே மூன்று மாதமாக ஓடுகிற ஏற்பாடு இது. தோளில் ப்ரிசிஷன். அதன் ஈ கம்பித் திருகாணியில், தட்டினால் டிக்கு இறங்கும் ஒரு நெம்பு பொருத்தியிருக்கிறேன். அந்த ஐந்து பாட்டுக்கும் அது போதும். பையின் முன் அறையில் டிஐ பெடல், ட்யூனர், இரண்டு கேபிள். பெடலுக்கு மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் போதும், பேட்டரி நம்பி இல்லை. கையில் சின்ன கேபினட், அதன் தலையில் கட்டிய கிளாஸ் டி ஆம்ப், இரண்டும் சேர்த்து 15 கிலோ. நல்ல சிஸ்டம் இருக்கும் இடமென்று முன்கூட்டியே தெரிந்தால் அதையும் வண்டியிலேயே விட்டுவிடுகிறேன். இரண்டாவது நடை இதுவரை தேவைப்படவில்லை.

நாடகக் குழு கூப்பிட்டால் ஐந்து கம்பிதான் போகும், அதில் பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஆம்ப் அவர்களுடையது, நாற்காலியும் உண்டு. ஜாஸ் பேஸை விற்பதா என்று கேட்டால், விளம்பரம்கூட எழுதி வைத்தேன். படம் எடுப்பதற்காக வெளியே எடுத்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் பிரிட்ஜ் பிக்கப் மேல் விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன், படம் எடுக்கவில்லை.

இன்னும் தீராத ஒரே வழக்கு கம்பிதான். ப்ரிசிஷனில் ஃப்ளாட்வவுண்ட் போட்டு நான்கு கச்சேரி ஆயிற்று. பழைய பாட்டுகளுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசி அரை மணி நேர ஆட்டப் பாட்டுகளில் கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. கிட்டார்க்காரர் ரவுண்ட்வவுண்டுக்குத் திரும்பு என்கிறார். ட்ரம்மர் மாற்றவே கூடாது என்கிறான். இந்தச் சனிக்கிழமைக்கு ஃப்ளாட்வவுண்டையே விட்டுவிட்டு, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துப் பார்க்கப் போகிறேன்.